கிரிக்கெட்டில் விக்கெட் என்றால் ஸ்டம்பா, அவுட்டா, பிட்ச்சா?

மூன்றும்தான். கொட்டாஞ்சேனை ஒழுங்கையில் பிள்ளைகள் சுவரில் கரியால் கீறும் மூன்று கோடும் விக்கெட். ஒருவர் ஆட்டமிழந்தால் அதுவும் விக்கெட். கொழும்பின் கெத்தாராமை மைதானத்தைப் பற்றி "கெத்தாராமை விக்கெட் சுழல் பந்துவீச்சுக்கு உதவும்" என்றால் 22 யார் நீள ஆடுதளம்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்குச் சிறு வாயிற்கதவு என்று பொருள். ஆரம்பத்தில் இரண்டே ஸ்டம்ப், மேலே குறுக்காக பெயில் என்ற ஒரு சிறு கட்டை. பார்க்கக் குட்டிக் கேட் மாதிரியே இருந்தது. அது விழுந்தால் ஆள் அவுட். அப்புறம் முன்னால் உள்ள நிலத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் 'வாசல்' போலத்தான்: சொல் வாயிலைக் குறித்தாலும், "வாசலைக் கூட்டு" என்று அம்மா சொன்னால் முற்றத்தைத்தான் கூட்டுவோம். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

சரி, பலர் குழம்பும் இடம் ஒன்று: "6 விக்கெட்டால் வெற்றி" என்றால் 6 பேரை வீழ்த்தியதாக அர்த்தமில்லை, இலக்கைத் துரத்திய அணியின் கையில் 6 விக்கெட் மீதமிருந்தது.