டிசம்பரில் சிங்கப்பூர் வருகிறோம். சூரியன் மறைவதைக் கடலோரத்தில் எங்கே, எத்தனை மணிக்குப் பார்க்கலாம்?

நீங்கள் கேட்டது இது: கோவையிலிருந்து அரையாண்டு விடுமுறையில் ஐந்து நாள் வருகிறீர்கள், கூட அம்மாவும் இரண்டு பிள்ளைகளும். ஒரு மாலையாவது கடற்கரையில் நின்று சூரியன் மறைவதைப் பார்க்க வேண்டும். எங்கே போவது, எப்போது போவது?

அவசரத்தில் இருந்தால் இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: செந்தோசா தீவில் சிலோசோ கடற்கரை, மாலை ஆறரைக்குள். பல பட்டியல்களில் பத்துப் பதினைந்து இடங்களை வரிசையாகப் போட்டிருப்பார்கள். நீங்கள் எந்த மாதம் வருகிறீர்கள் என்று கேட்காமல் போட்ட பட்டியலை நம்பிப் போனால் சூரியன் ஏதாவது அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் பின்னால்தான் இறங்கும்.

முதலில் நேரம், அது சுலபம். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு 1.3 டிகிரிதான் வடக்கே இருக்கிறது. வருடம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூட. அதனால் சூரியன் மறையும் நேரம் பெரிதாக மாறாது: நவம்பர் தொடக்கத்தில் 6:46 வாக்கில், பிப்ரவரி நடுவில் 7:20 வாக்கில், மற்ற நாளெல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில். நீங்கள் வரும் டிசம்பர் கடைசி வாரத்தில் 7:05ஐ ஒட்டி. நிலநடுக்கோட்டில் ஆறு மணிக்கே பொழுது சாய வேண்டாமா என்று பிள்ளைகள் கேட்டால், கேள்வி நியாயமானது. 1982 ஜனவரி 1 அன்று மலேசியாவோடு ஒத்துப்போகக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தார்கள். அதற்கு முன்பே கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. ஆகவே இங்கே உச்சி வெயில் என்பது பகல் ஒரு மணி. இந்திய நேரத்தைவிட நாங்கள் இரண்டரை மணி நேரம் முந்தி என்பதையும் நினைவில் வையுங்கள். வந்த முதல் நாள் அம்மாவின் கணக்கில் சூரியன் மறையும் நேரம் மாலை நாலரை மணிதான், டீ நேரம்.

அன்றைய நாளுக்குத் துல்லியமாக வேண்டுமா? மஃரிப் தொழுகை நேரம் என்னவென்று பாருங்கள். சூரியன் மறைவதை வைத்துத்தான் அந்த நேரமே குறிக்கப்படுகிறது. தேக்கா பக்கம், அதாவது லிட்டில் இந்தியாவில் தங்கியிருந்தால் எந்தத் தமிழ் முஸ்லிம் கடைக்காரரைக் கேட்டாலும் சட்டென்று சொல்லிவிடுவார்.

இன்னொன்று: இங்கே சூரியன் சாய்வாக நகர்ந்து போவதில்லை, நேராகக் கீழே விழுகிறது. விளிம்பைத் தொட்டதிலிருந்து முழுதாக மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். அதற்கப்புறம் இருபது நிமிடத்தில் இருட்டிவிடும். ஏழு மணிக்கு ஹோட்டலை விட்டுக் கிளம்பினால் போதும் என்று நினைத்தால் கதை முடிந்தது.

சரி, இடம். அதைத் தீர்மானிப்பது மாதம். கன்னியாகுமரிக்குப் போயிருப்பீர்கள். மார்கழியில் அங்கே சூரியன் தென்மேற்கே சாய்ந்து கடலுக்குள் இறங்கும், ஆனி ஆடியில் வடக்கே நகர்ந்து நிலத்துப் பக்கம் போய்விடும். இங்கேயும் அதே விஷயம்தான். மார்ச்சிலும் செப்டம்பரிலும் நேர் மேற்கு. ஜூனில் அங்கிருந்து இருபத்துமூன்று டிகிரிக்கு மேல் வடக்கே. டிசம்பரில் அதே அளவு தெற்கே. உங்களுக்கு வேண்டியது தென்மேற்கு பார்த்த கடற்கரை. சிங்கப்பூரில் மணலும் இருந்து, தென்மேற்குப் பக்கம் தண்ணீரும் இருந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சுலபமாகப் போகவும் முடிகிற இடம் என்றால் சிலோசோதான்.

ஆனால் ஒன்று, அகண்ட கடலுக்குள் சூரியன் முங்கும் என்று மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். சிங்கப்பூரின் தென்மேற்கே கடல் வெறுமையாக இல்லை. எதிரே புக்கோம் தீவு, 1961 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்கும் இடம். அதற்கப்பால் வேறு தீவுகள், நடுவே நங்கூரம் போட்ட கப்பல்கள். சிலருக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது; ‘என்னப்பா, ஃபேக்டரி தெரியுது’ என்று முகம் சுளித்தவர்களை நான் கூட்டிப் போயிருக்கிறேன். எனக்கு அதுதான் இந்த ஊரின் அந்தி. வெயில் இறங்க இறங்கக் கப்பல்களின் நிறம் போய் வெறும் கரிய வடிவம் மட்டும் நிற்கும். சிவப்பா பச்சையா என்று தெரியாத கொள்கலன்கள் படிக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கும். பிறகு ஒவ்வொரு கப்பலாக விளக்குப் போடுவார்கள், முதலில் மேல்தளத்து மஞ்சள் விளக்கு, அப்புறம் வரிசையாக மற்றவை. ஆலைப் பக்கம் புகைக்குழாய்களின் உச்சியில் சிவப்பு விளக்குகள். பெரிய கப்பல் ஒன்று தாண்டிப் போனால் சிறிது நேரம் கழித்துத்தான் அதன் அலை கரைக்கு வந்து சேரும். பிள்ளைகள் அதற்காகக் காத்திருந்து குதிப்பார்கள்.

சூரியன் மறைந்ததும் எல்லோரும் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு கிளம்புவார்கள். நீங்கள் கிளம்பாதீர்கள். நல்ல நிறம் பெரும்பாலும் அடுத்த பத்து, பதினைந்து நிமிடத்தில்தான் வரும். கீழே போன சூரியன் உயரத்து மேகங்களின் அடிவயிற்றில் வெளிச்சம் அடிக்கும், ஆரஞ்சு மெதுவாக ரோஜா நிறமாகும். போனில் படம் எடுக்கும்போது வானத்தின் பிரகாசமான பகுதியைத் தொட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் குறையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் வெளுத்துப் போகும்.

போகும் வழி: ஹார்பர்ஃபிரண்ட் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தில் இறங்கினால் மேலேயே விவோசிட்டி பேரங்காடி. அங்கிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், தீவுக்குள் போக ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), திரும்பி வரக் கட்டணம் இல்லை. கடைசி நிலையமான பீச் நிலையத்தில் இறங்கினால் சிலோசோ பக்கம் போக இலவச வண்டி ஓடுகிறது. அந்த 4 வெள்ளியும் வேண்டாம் என்றால் விவோசிட்டியிலிருந்து பாலத்தின் வழியாக நடந்தே தீவுக்குள் போகலாம், இலவசம். ஆனால் டிசம்பர் இங்கேயும் பள்ளி விடுமுறை, ரயிலுக்கு வரிசை நீளமாக இருக்கும். ஐந்தரைக்கு விவோசிட்டியில் இருப்பதுபோல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு மணலில் உட்கார்ந்து எழுவது சிரமம் என்றால் கடற்கரையின் மேற்குக் கோடியில் ஃபோர்ட் சிலோசோ ஸ்கைவாக் இருக்கிறது. பதினோரு மாடி உயரத்தில், மரங்களின் உச்சிக்கு மேலாகப் போகும் 181 மீட்டர் நடைபாலம். மின்தூக்கி உண்டு, கட்டணம் இல்லை. ஒரு பக்கம் துறைமுகம், இன்னொரு பக்கம் தீவுகள். சத்தமும் கூட்டமும் கீழேயே நின்றுவிடும். பயம் இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். கைக்குழந்தை இருந்தால் அதே தீவில் பலவான் கடற்கரை பரவாயில்லை, தொங்குபாலத்தைத் தாண்டினால் மேலே ஏறிப் பார்க்க இரண்டு கோபுரங்கள் உண்டு.

இனி மழை. ஐப்பசி, கார்த்திகையில் ஊரில் கொட்டும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் டிசம்பரில் இங்கே மழையைக் கொண்டுவருகிறது. இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்து கொட்டிவிட்டுப் போவது. ‘அந்தி மழை அழுதாலும் விடாது’ என்பார்கள் நம்மூரில், ஆனால் இந்த வகை மழை இங்கே பெரும்பாலும் சீக்கிரமே விட்டுவிடும். ஐந்து மணிக்குள் விட்டுவிட்டால் அது அதிர்ஷ்டம், கழுவிவிட்ட வானமும் சிதறிய மேகமும் சேர்ந்து அன்றுதான் நல்ல நிறம் வரும். மேகமே இல்லாத வானம் உண்மையில் சப்பென்று இருக்கும். இன்னொரு வகை, இரண்டு மூன்று நாள் விடாமல் நசநசவென்று பெய்வது. அப்போது எந்தக் கடற்கரைக்கும் போகாதீர்கள், வானம் திறக்காது. அதனால் பகலுக்கான டிக்கெட்டுகளை முன்பதிவு செய்யுங்கள், மாலைகளைக் காலியாக விடுங்கள். நாலு மணிக்குப் போனில் மழை ராடார் படத்தைப் பார்த்து, மேற்கே தெளிவாக இருந்தால் கிளம்புங்கள். இடி முழங்கினால் மணலில் நிற்க வேண்டாம், கூரைக்குக் கீழே வந்துவிடுங்கள். இந்த ஊர் மின்னல் விளையாட்டல்ல.

வேறு மாதங்களில் வருகிறவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஜூன், ஜூலையில் சாங்கிக்குப் போங்கள். சாங்கி வில்லேஜ் பக்கத்தில் கடலை ஒட்டி 2.2 கிலோமீட்டர் நடைபாதை இருக்கிறது. அதில் ஒரு பகுதிக்குப் பெயரே சன்செட் வாக். எதிரே உபின் தீவு, நடுவே படகுகள், முடித்துவிட்டு உணவங்காடியில் நாசி லெமாக் என்ற தேங்காய்ப்பால் சோறு. அதே மாதங்களில் மரினா பேரேஜ் அணையின் புல்தரைக் கூரையில் நின்றால் மரினா பே சாண்ட்ஸ் ஹோட்டல் கோபுரங்கள் பக்கம் சூரியன் இறங்கும். பட்டம் விடுகிறவர்கள் இருப்பதால் பிள்ளைகளுக்கும் பொழுது போகும்.

எல்லா மாதத்துக்கும் ஏற்ற இடம் என்றால் துவாஸ். ஜூரோங் பக்கம் குடியிருக்கும் நான் ஒருதலைப்பட்சமாகச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மேற்கு பார்த்த தண்ணீர் என்றால் அதுதான். ராஃபிள்ஸ் மரினாவில் படகுத்துறையின் ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைக் கலங்கரை விளக்கம். எதிரே மலேசியாவின் ஜோகூர், வலப்பக்கம் அங்கே போக 1998இல் திறந்த இரண்டாவது இணைப்புப் பாலம். ஜூனில் பாலத்துப் பக்கமாகவும் டிசம்பரில் இடப்பக்கமாகவும் சூரியன் இறங்கும். அது தனியார் கிளப், கலங்கரை விளக்கம் வரை வெளியாட்கள் போவது வழக்கம்தான், இருந்தாலும் வாசலில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். ஊரின் மேற்குக் கோடி என்பதால் ஐந்து நாள் பயணத்தில் பிள்ளைகளோடு இதை நான் திணிக்க மாட்டேன். இரண்டாவது முறை வருகிறவர்களுக்கு இது சரி.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்கா பற்றியும் கேட்பீர்கள். அது தெற்கு பார்த்த கரை, சூரியன் மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் பின்னால் போகும். சூரிய உதயத்துக்கும் சைக்கிளுக்கும் சாத்தேவுக்கும் (குச்சியில் செருகிச் சுட்ட இறைச்சி) போகலாம். அங்கே எனக்குப் பிடித்தது பிடோக் ஜெட்டி: இருட்டும் நேரத்தில் தூண்டில்காரர்கள் கம்பு நுனியில் குட்டி ஒளிக்குச்சிகளைச் செருகுவார்கள், பச்சைப் புள்ளி ஆடினால் மீன் தொட்டுவிட்டது என்று பொருள். மரினா பே சாண்ட்ஸ் மேல்தளம், சிங்கப்பூர் ஃபிளையர் ராட்டினம் இரண்டும் நகரத்தைப் பார்க்க நல்லவை. சூரியனுக்காக மட்டும் என்றால் நான் அந்தக் காசைச் செலவழிக்க மாட்டேன்.

இரவுச் சாப்பாட்டுக்குத் தீவிலேயே தேட வேண்டாம், விலை அதிகம். ஹார்பர்ஃபிரண்டுக்குத் திரும்பி ஊதா நிறத் தடத்தில் ஏறினால் ரயில் மாறாமல் ஐந்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. எட்டரைக்கு அம்மாவின் முன்னால் சூடாகத் தோசை இருக்கும்.