சிறையிலிருந்து வந்தவருக்கும் வீட்டாருக்கும் மனநல உதவி: யாரிடம் போவது, என்ன கேட்பது?

கேள்வி: விசாரணைக் கைதியாக உள்ளே இருந்த என் தம்பி விடுதலையாகி வந்துவிட்டான். கதவைச் சத்தமாகச் சாத்தினாலே எழுந்து நின்றுவிடுகிறான், இரவில் விளக்கை அணைக்க விடுவதில்லை. அவனுடைய ஆறு வயது மகள் மறுபடி படுக்கையை நனைக்கிறாள். அம்மாவுக்கும் தூக்கம் போய்விட்டது. எதிர்த்தரப்பு மேல்முறையீடு போகலாம் என்கிறார்கள். யாரிடம் உதவி கேட்பது? சொன்னதெல்லாம் கோர்ட்டுக்குப் போய்விடுமா?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பயத்தினால்தான் பலர் உதவி தேடிப் போவதே இல்லை. கவுன்சலரிடம், அதாவது மனநல ஆலோசகரிடம், சொல்வது பொதுவாக ரகசியம்தான். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றாலோ, குழந்தைக்குக் கொடுமை நடந்தாலோ, நீதிமன்றமே பதிவுகளைக் கேட்டாலோ அந்த ரகசியத்துக்கு எல்லை உண்டு, அது நாட்டுக்கு நாடு மாறும். அதனால் முதலில் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அப்புறம் கவுன்சலரிடமே, "என்னென்ன எழுதி வைப்பீர்கள், யார் பார்க்க முடியும்?" என்று நேராகக் கேளுங்கள். சிகிச்சை தொடங்க வழக்கு விவரம் எதுவும் வேண்டாம், "கதவுச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது" என்று சொன்னாலே போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நீதிமன்றத்துக்காக உங்களைப் பரிசோதிக்கும் மருத்துவர் அறிக்கை எழுதவே வருகிறார், அவரிடம் மனதைக் கொட்டக் கூடாது.

சரி, எங்கே தேடுவது? இலவச சட்ட உதவி அலுவலகத்தில் சமூகப் பணியாளர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள், சிறையிலிருந்து வந்தவர்களோடு பழகிய அமைப்புகளை அவர்களுக்குத் தெரிந்திருக்கும். பெரிய பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவும் நல்ல தொடக்கம். காவலில் அடி விழுந்திருந்தால் சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்கென்றே மறுவாழ்வு மையங்கள் பல நாடுகளில் உண்டு. அங்கே இஸ்தான்புல் நெறிமுறைப்படி, அதாவது 2022இல் திருத்தப்பட்ட ஐ.நா. வழிகாட்டியின்படி, காயங்களையும் மனப் பாதிப்பையும் பதிவு செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். தழும்பு மங்கிவிடும் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, "மன அதிர்ச்சிக்கு என்ன முறையில் சிகிச்சை தருவீர்கள்?" என்று கேளுங்கள். அதிர்ச்சிக்கென்றே வகுத்த சி.பி.டி. (எண்ணங்களையும் நடத்தையையும் மெல்ல மாற்றும் பேச்சு சிகிச்சை), இ.எம்.டி.ஆர். (கண்களை அசைத்தபடி கசப்பான நினைவுகளைக் கையாளும் சிகிச்சை) போன்ற முறைகளில் பயிற்சி பெற்றவர் என்றால் நல்லது. முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லச் சொல்லி வற்புறுத்துபவரும், "நடந்ததை மறந்துடுங்க" என்று அனுப்பிவிடுபவரும் வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள்.

தம்பி வர மறுக்கலாம். இழுத்துக்கொண்டு போகாதீர்கள், நீங்களும் அம்மாவும் முதலில் போங்கள், உங்களுக்கும் அது தேவைதான். வீட்டில் அவர் தூங்கும்போது தொட்டு எழுப்பாமல் கொஞ்சம் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அறைக்குள் போகும் முன் குரல் கொடுங்கள், விளக்கு எரியட்டும். விடுதலைக்குப் பிந்தைய முதல் சில வாரங்களில் தற்கொலை ஆபத்து அதிகம். சாவதைப் பற்றி அவர் பேசினால் அது சும்மா சொல்வது என்று விட்டுவிடாதீர்கள், அவரைத் தனியாக விடாதீர்கள், மாத்திரை, மருந்துகளை எடுத்து ஒளித்துவிட்டு அன்றே அவசர உதவிக்குப் போங்கள்.

குழந்தையைத் திட்டாதீர்கள். குழந்தைப் பருவத் துன்பங்களை ஆராய்ந்த 1998ஆம் ஆண்டின் பெரிய அமெரிக்க ஆய்வு, வீட்டில் ஒருவர் சிறை செல்வதையும் அந்தத் துன்பங்களில் ஒன்றாகவே சேர்த்தது. "அப்பா வெளியூர் போயிருந்தார்" என்று சொல்லியிருந்தால் அதை இப்போதே திருத்துங்கள், பள்ளியில் வேறு யாரோ சொல்லி அவளுக்குத் தெரியவரக் கூடாது. "அப்பாவை ஓர் இடத்தில் வைத்திருந்தார்கள், இப்போது வந்துவிட்டார், இதில் உன் தப்பு எதுவும் இல்லை" என்பது ஆறு வயதுக்குப் போதும். படுக்கை நனைவது நிற்கவில்லையென்றால் முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

மேல்முறையீடு வந்தால் வாய்தா நெருங்க நெருங்க எல்லாருக்குமே தூக்கம் கெடும். தேதி தெரிந்த உடனே அதற்கு முந்தைய வாரம் ஒன்று, பிந்தைய வாரம் ஒன்று என்று கவுன்சலரிடம் நேரம் வாங்கி வைத்துவிடுங்கள்.