கடலில் இறங்க யாரைக் கேட்க வேண்டும்?

கேள்வி: சாங்கிப் பக்கம் பிள்ளைகளோடு கடலில் இறங்கினோம். பக்கத்து மன்றம் ஒன்றின் காவலாளி, "இது எங்கள் கரை" என்று விரட்டிவிட்டார். கடற்கரை எல்லாருக்கும் பொது இல்லையா? என் கணவர் மோட்டார் வைத்த ரப்பர் படகு ஒன்று வாங்கப் பார்க்கிறார். அதைக் கரையோரம் மிதவையில் கட்டி வைக்கலாமா?
– வாசகி, பாசிர் ரிஸ்

பதில்: பிள்ளைகள் எதிரில் விரட்டியது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கும், அம்மா. கடல் ஏறும் கோட்டுக்கும் வற்றும் கோட்டுக்கும் நடுவில் உள்ள கரை நம் சிங்கப்பூரில் பொதுவாக அரசாங்க நிலம். மன்றத்துக்குக் குத்தகைக்கு விட்ட பகுதி என்றால் காவலாளி தடுக்கலாம். அதற்கு வெளியே அவர் பேச்சு செல்லாது. எல்லை எங்கே என்று நிதானமாகக் கேளுங்கள், காட்டட்டும்.

ஆனால் அரசாங்க நிலம் என்பதாலேயே குளிக்கும் உரிமை வந்துவிடாது. நம் சட்டத்துக்கு வேர் ஆங்கிலச் சட்டம். லிவர்பூலுக்கு அருகே கிரேட் கிராஸ்பி கரையில், ஒரு ஹோட்டல் வேலையாள் குளிக்க வந்தவர்களை வண்டியில் கடல்வரை கொண்டுபோய் விட்டார். அந்தக் கரைக்குச் சொந்தக்காரரான நிலப்பிரபு வழக்குப் போட்டார். கரையைக் கடந்து போய்க் குளிக்கப் பொதுமக்களுக்கு உரிமை இல்லை என்று 1821இல் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பெஸ்ட் என்ற நீதிபதி ஒருவர்தான் மறுத்தார். நான் அவர் கட்சி. தீவில் பிறந்த பிள்ளை கடலில் கால் நனைக்க யார் தயவும் தேவைப்படக் கூடாது.

இன்று ஈஸ்ட் கோஸ்டிலும் சாங்கியிலும் நாம் குளிப்பது, அவற்றைப் பொதுப் பூங்காவாகத் திறந்து வைத்திருப்பதால்தான். அந்தக் காலத்தில் காத்தோங் பூங்காவில் கடலுக்குள் மரக்கம்பங்கள் நட்டு வேலி கட்டியிருப்பார்கள். பாகார் என்பார்கள். சுறா பயமில்லாமல் சனங்கள் அதற்குள் குளிப்பார்கள் என்று அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1966இல் தொடங்கிய நிலமீட்பில் அங்கே கடலே தள்ளிப் போய்விட்டது. இப்போதைய ஈஸ்ட் கோஸ்ட் மணல் அரசாங்கம் கொட்டிய மணல். திறந்து வைத்ததை மூடாமல் இருக்க, நாம் அங்கே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பேன்.

படகு விஷயம் வேறு. கடலில் படகோட்டிப் போகவும், வழியில் சற்று நேரம் நங்கூரம் போடவும் அந்தப் பழைய சட்டமே எல்லாருக்கும் உரிமை தந்தது. நிரந்தரமாகக் கட்டி வைப்பது அதில் சேராது. நீங்களாகக் கான்கிரீட் கட்டையை இறக்கி மிதவை போட முடியாது, கடல்துறை துறைமுக ஆணையத்தின் அனுமதி வேண்டும். மோட்டார் படகுக்கு உரிமம் வேண்டும், ஓட்டுபவருக்கும் தனி உரிமம். சாங்கியில் நீர் வற்றும்போது போய்ப் பாருங்கள்: கரையோர மிதவைகள் சேற்றில் சாய்ந்து கிடக்கும், கயிறெல்லாம் சிப்பி ஒட்டியிருக்கும். ரப்பர் படகு அந்தச் சிப்பியில் உரசினால் கிழிந்துவிடும். காற்றை இறக்கிக் காரில் வீட்டுக்குக் கொண்டுபோவதே உங்களுக்குச் சரி.

அப்புறம், இறங்குமுன் தேசியச் சுற்றுப்புற அமைப்பின் நீர்த்தர அறிவிப்பைப் பாருங்கள். உங்கள் பாசிர் ரிஸ்ஸிலேயே 2008இல் கிருமி அதிகம், நீந்த வேண்டாம் என்று சொன்னார்கள். பிறகு தரம் தேறியது. 2024 ஜூனில் பாசிர் பாஞ்சாங்கில் கப்பல் மோதிச் சுமார் 400 டன் எண்ணெய் கொட்டியபோது ஈஸ்ட் கோஸ்டிலும் செந்தோசாவிலும் நீந்தத் தடை போட்டார்கள். பெரிய மழை பெய்த மறுநாளும் பிள்ளைகளை இறக்காதீர்கள், வடிகால் நீரெல்லாம் கரைக்குத்தான் வரும்.