வீட்டுப் பத்திரத்தை பேங்குக்குக் கொண்டுபோகாதீர்கள்

தொண்டையார்பேட்டையிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்திருந்தது. அப்பா மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுபவர். கடை முதலாளி மேல் போலி பில் வழக்கு. அப்பாவுக்கும் ஜிஎஸ்டி அலுவலகத்திலிருந்து சம்மன். வீடே கலங்கிப் போயிருந்த அந்த நாட்களில், பிளஸ் டூ வணிகவியல் முடித்த மகள் மட்டும் அந்தக் காகிதத்தை வரி வரியாகப் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, "இந்த மாதிரி கேஸ் நடத்துற வக்கீல் ஆகணும்" என்று சொல்லிவிட்டாள்.

அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. பெண் பிள்ளை கிரிமினல் கேஸ் நடத்துவதா என்பது அவர் பயம். தாய்மாமனுக்கு வேறு கணக்கு. சட்டம்தான் என்றால் பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் ஐந்து வருட ஆனர்ஸ் படிக்கட்டும், கார்ப்பரேட் கம்பெனிக்குப் போகட்டும், வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாம் என்கிறார்.

அம்மா, பயப்படாதீர்கள் என்று அன்றைக்குச் சொல்லி அனுப்பினேன். ஆறுதல் அதோடு போதும். வீட்டை வைத்து அந்தப் படிப்பில் சேர்க்காதீர்கள். கார்ப்பரேட் சட்ட நிறுவனங்கள் ஆள் எடுக்க முதலில் போவது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு. அதிகக் கட்டணம் வாங்குகிற எல்லாக் கல்லூரிக்கும் அவர்கள் வருவதில்லை. உங்கள் மகள் கேட்பதும் அந்த வேலை இல்லை. அவள் கேட்பது நீதிமன்ற வேலை. அதற்கு வேண்டியது சட்டப் பட்டம், பார் கவுன்சில் என்ற வக்கீல்கள் அமைப்பில் பதிவு, அகில இந்திய பார் தேர்வு. லட்சம் லட்சமாகக் கட்டிப் படித்தவருக்கும் அரசுக் கல்லூரியில் படித்தவருக்கும் அந்தப் பதிவு ஒன்றுதான். சட்டப்படி பதிவுக் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125. அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

நான் சொல்லும் வழியை உறவுக்காரர்கள் யாரும் சொல்லமாட்டார்கள். முதலில் பிராட்வே பாரதி மகளிர் கல்லூரி மாதிரி ஒரு அரசுக் கல்லூரியில் பி.காம். பிறகு அரசு சட்டக் கல்லூரியில் மூன்று வருட எல்எல்.பி. மொத்தம் ஆறு வருடம், மாமா சொல்வதைவிட ஒரு வருடம் கூடுதல். அந்த ஒரு வருடம் வீணாகாது, ஏன் என்று சொல்கிறேன்.

பொருளாதாரக் குற்ற வழக்கின் உயிர் கணக்கில் இருக்கிறது. போலி பில் வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சரக்கே நகராமல் பில் மட்டும் போட்டு, வாங்கும்போதே வரி கட்டியதாகக் காட்டி அதைக் கழித்துக்கொண்டார்கள் என்பது குற்றச்சாட்டு. தொகை 5 கோடியைத் தாண்டினால் ஐந்து வருடம் வரை சிறை, ஜாமீனும் உரிமையாகக் கிடைக்காது. அதிகாரிகள் இ-வே பில்லை, அதாவது சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கும் சீட்டை, எடுத்துப் பார்ப்பார்கள். டன் கணக்கில் கம்பி ஏற்றியதாகச் சொன்ன வண்டி எண் ஒரு ஸ்கூட்டருடையதாக இருந்தால் கதை முடிந்தது. உண்மையிலேயே சரக்கு வாங்கிய வியாபாரியும் இதே வலையில் மாட்டுவது உண்டு. அவரைக் காப்பாற்ற எடை மேடைச் சீட்டு வேண்டும், லாரி சுங்கச்சாவடியைக் கடந்த ஃபாஸ்டேக் பதிவு வேண்டும், வங்கி வழியாகப் பணம் போன கணக்கு வேண்டும். இவற்றைத் தேதி வாரியாக அடுக்கி, டேலி என்ற கணக்கு மென்பொருளில் உள்ள பதிவோடு ஒப்பிட்டுக் காட்டத் தெரிந்த வக்கீலின் வாதத்துக்குத்தான் எடை. உங்கள் மகள் அப்பாவின் லெட்ஜரைப் பார்த்துவிட்டு, "ஒரே பில் நம்பர் ரெண்டு தடவை வருது" என்று என்னிடம் காட்டினாள். அந்தக் கண் எல்லோருக்கும் வாய்க்காது.

மோசடி வழக்குகளிலும் அப்படித்தான். பழைய 420-வது பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 318(4) ஆகிவிட்டது. ஏழு வருடம் வரை தண்டனை. பணம் திருப்பித் தரவில்லை என்பது மட்டும் அந்தக் குற்றம் ஆகாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். தொழில் நொடித்துப்போய்க் கொடுக்க முடியாதவருக்கும், முதல் நாளே திட்டம் போட்டவருக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டுவது அவருடைய பேங்க் ஸ்டேட்மென்ட்தான். நம் பக்கத்தில் கமிஷன் ஆசையில் ஆதாரையும் பேன் கார்டையும் கொடுத்துவிட்டு, காகிதத்தில் முதலாளியாகி நிற்கிறவர்கள் இருக்கிறார்கள். நிர்வாகத்தில் இவர்களுக்குப் பங்கு இருந்ததா, லாபம் யார் கைக்குப் போனது என்று கேட்க அவர்களுக்கு ஆள் வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலை ஆதாரமாகக் கொண்டுவந்தால், புதிய சாட்சியச் சட்டம் 63-வது பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கு வேண்டிய சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆள் காவலில் இருந்தால், குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வந்ததா என்று எண்ண வேண்டும். வரவில்லை என்றால் ஜாமீன் கேட்பது உரிமை. குற்றத்தில் வந்த பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்கும் சட்டத்தில் (பிஎம்எல்ஏ) ஜாமீன் வாங்குவது மிகக் கடினம். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளி இல்லை என்று நம்ப நியாயமான காரணம் உண்டு என நீதிமன்றமே திருப்தி அடைய வேண்டும்.

"தப்பு செஞ்சவனைக் காப்பாத்தறதா?" என்று பாட்டி கேட்டாராம். தப்பு செய்தவர் யார் என்று தீர்மானிக்கத்தானே நீதிமன்றம் இருக்கிறது? கைதான எவருக்கும் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையை அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவு கொடுக்கிறது. சம்மன் வந்த ராத்திரி உங்கள் வீட்டுக்காரர் பக்கத்தில் விவரம் தெரிந்த ஒருவர் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பாட்டியிடமே கேளுங்கள்.

கஷ்டத்தையும் மறைக்கமாட்டேன். பாரிமுனையில் இருந்த சட்டக் கல்லூரி 2018-ல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைபெரும்புதூருக்கும் போய்விட்டது. இரண்டுமே உங்களுக்குத் தூரம். பட்டரைபெரும்புதூர் என்றால் திருவள்ளூர் வரை ரயில், அப்புறம் பஸ். ஜூனியராகச் சேரும் முதல் சில வருடங்களில் கையில் காசு நிற்காது. சென்னையில் ஜூனியருக்கு மாதம் 20,000 ரூபாயாவது தர வேண்டும் என்று 2024-ல் உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனால் அதை எதிர்பார்த்து வீட்டுச் செலவைத் திட்டமிடாதீர்கள். கடன் வேண்டாம் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இதுதான் காரணம். மாதத் தவணை கழுத்தை நெரிக்கும்போது எந்த ஜூனியரும் நல்ல சீனியரிடம் பொறுமையாக இருந்து வேலை கற்க முடியாது. கிடைத்த வேலைக்கு ஓடிவிடுவார்கள்.

மற்றபடி இடம் உங்களுக்குச் சாதகம். தம்புச் செட்டித் தெருவிலும் லிங்கிச் செட்டித் தெருவிலும் வக்கீல் அலுவலகங்கள் நிறைந்திருக்கின்றன. தொண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்றத்தில் இறங்கிவிடலாம். ஹாஸ்டல் செலவு கிடையாது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் பட்டப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாயும் வரும். பி.காம். முடிக்கும்போது அவள் மனம் மாறினாலும் பட்டம் கையில் இருக்கும். கணக்கு வேலைக்குப் போகலாம், வேறு படிக்கலாம். அந்த முடிவும் அவளுடையதாக இருக்கட்டும்.

ஐயா, உங்களுக்கு ஒன்று. சம்மன் தேதிக்கு முன்பே உங்களுக்கென்று தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள். முதலாளியின் வக்கீல் முதலாளிக்குத்தான் வேலை பார்ப்பார். சம்பளம் தவிர உங்களுக்கு வேறு எந்தப் பலனும் வரவில்லை என்றால், அதைக் காட்டும் சம்பளச் சீட்டு, பேங்க் பாஸ்புக், முதலாளி அனுப்பிய உத்தரவுகள் எல்லாவற்றையும் நகல் எடுத்து வையுங்கள். எதையும் அழிக்காதீர்கள். படித்துப் பார்க்காமல் எந்த வாக்குமூலத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அம்மா, உங்கள் தம்பி அந்தப் பல்கலைக்கழகத்தில் சீட் பிடிக்க முன்பணம் கட்டச் சொன்னதாகச் சொன்னீர்கள். கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியிருந்தால், சேரவில்லை என்று இந்த வாரமே எழுத்தில் கொடுத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) விதியில் அதற்கு இடம் இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தை இணையத்தில் அவளே நிரப்பட்டும்.