ஆண்ட்ராய்டில் ஒரு திரையிலிருந்து அடுத்த திரைக்குத் தரவை எப்படிக் கொண்டுபோவது?

பட்டியலில் ஒரு பொருளைத் தொட்டால் விவரத் திரை திறக்க வேண்டும். அதற்கு முழு ஆப்ஜெக்டையும் இன்டென்ட்டில் (அடுத்த திரையைத் திறக்கச் சொல்லும் செய்தி) வைத்து அனுப்புவதா, இல்லை ஒரு சிங்கிள்டனில் (செயலி முழுவதும் பகிரும், நினைவகத்தில் இருக்கும் ஒரே ஆப்ஜெக்ட்) போட்டு எடுத்துக்கொள்வதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இரண்டுமே வேண்டாம் என்பேன். அந்தப் பொருளின் ஐடியை மட்டும் அனுப்புங்கள். விவரத் திரை அந்த ஐடியை வைத்து ரூம் (ஃபோனிலேயே தரவைச் சேமிக்க உதவும் ஆண்ட்ராய்டு லைப்ரரி) டேட்டாபேஸிலிருந்து தானே படித்துக்கொள்ளட்டும்.

இன்டென்ட் உங்கள் செயலிக்குள்ளேயே ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதுபோலத் தெரியும். உண்மையில் அது பைண்டர் (பிராசஸ்களுக்கு, அதாவது தனித்தனியே ஓடும் நிரல்களுக்கு, இடையே தரவைக் கடத்தும் அமைப்பு) வழியாகச் சிஸ்டம் பிராசஸுக்குப் போய்த்தான் திரும்பி வருகிறது. அந்த வழியில் உள்ள இடம் சுமார் 1 எம்பி. அதையும் உங்கள் பிராசஸில் அந்த நேரத்தில் நடக்கும் எல்லாப் பரிமாற்றங்களும் பங்குபோட்டுக்கொள்கின்றன. 1000 × 1000 பிக்சல் பிட்மேப்பை அதில் வைத்துப் பாருங்கள்: பிக்சலுக்கு 4 பைட் என்றால் 40 லட்சம் பைட். டிரான்சாக்‌ஷன் டூ லார்ஜ் எக்ஸெப்ஷன் (அளவு மீறியதற்கான பிழை) வந்து செயலி விழுந்துவிடும்.

சிங்கிள்டனில் அளவுப் பிரச்சினை இல்லை, ஆனால் அது இன்னும் மோசம். பயனர் விவரத் திரையில் இருக்கும்போது வேறு செயலிக்குப் போகிறார். நினைவகம் போதாமல் சிஸ்டம் உங்கள் பிராசஸைக் கொன்றுவிடுகிறது. அவர் திரும்பி வரும்போது ஆண்ட்ராய்டு நேராக விவரத் திரையைத்தான் திறக்கும். பட்டியல் திரையின் நிரல் ஓடியே இருக்காது. சிங்கிள்டன் காலி, செயலி கிராஷ். இன்டென்ட்டில் வைத்த ஐடியோ சிஸ்டத்திடம் பத்திரமாக இருக்கும். இதை நீங்களே சோதிக்கலாம்: ஹோம் பட்டனை அழுத்துங்கள், ஏடிபி ஷெல்லில் (கணினியிலிருந்து ஃபோனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) 'ஏஎம் கில்' கட்டளையோடு பேக்கேஜ் பெயரைக் கொடுங்கள், அப்புறம் ரீசன்ட்ஸிலிருந்து செயலியைத் திறங்கள். வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு திரையிலும் இதைச் செய்துபார்ப்பது அவசியம். சாதாரணமாக ஓட்டிப் பார்க்கும்போது இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

ஐடி முறையில் இன்னொரு லாபமும் உண்டு. விவரத் திரையில் பெயரைத் திருத்திச் சேமித்தால், பட்டியல் திரை ரூமின் ஃப்ளோவைக் (தரவு மாறும்போதெல்லாம் புதிய மதிப்பைத் தரும் ஓடை) கவனித்துக்கொண்டிருக்கும் பட்சத்தில் தானாகவே மாறிவிடும். ஆப்ஜெக்டை அனுப்பினால் இரண்டு நகல்கள். எது புதியது என்று நீங்கள்தான் மல்லுக்கட்ட வேண்டும்.

ஒரே ஆக்டிவிட்டிக்குள் (ஒரு முழுத் திரை) இரண்டு ஃபிராக்மென்ட்கள் (அதற்குள் அமையும் திரைப் பகுதிகள்) என்றால் ஆக்டிவிட்டி அளவிலான வியூமாடலைப் (திரைக்கான தரவை வைத்திருக்கும் ஆப்ஜெக்ட்) பகிரலாம். திரையைச் சுழற்றினாலும் அது தாங்கும். பிராசஸ் செத்தால் தாங்காது. அதனால் விட்டுப்போகக்கூடாத சின்னச் சின்ன மதிப்புகளைச் சேவ்ட்ஸ்டேட்ஹேண்டிலில் (பிராசஸ் செத்தாலும் சிஸ்டம் காத்துத் திருப்பித் தரும் சேமிப்பு) வையுங்கள்.

சரி, இன்னும் சேமிக்கவே இல்லாத தரவு, உதாரணமாக நான்கு திரைகளில் நிரப்பும் படிவம், அதற்கு ஐடி ஏது? முதல் திரையிலேயே வரைவு என்று ஒரு வரியை டேட்டாபேஸில் எழுதிவிட்டு, அந்த வரியின் ஐடியை அடுத்தடுத்த திரைகளுக்குக் கொடுங்கள். கடைசித் திரையில் வரைவு நிலையை மாற்றினால் போதும். பயனர் பாதியில் விட்டுப் போனாலும் மறுநாள் வந்து அங்கிருந்தே தொடரலாம்.