பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தை மூட விடாதீர்கள்

குடியாத்தத்திலிருந்து கேட்டிருக்கும் அம்மாவுக்கு,

பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றானதும் பள்ளியில் பாதி வருடத்திலேயே பிளஸ் டூ கணக்கை ஆரம்பித்துவிட்டார்கள், மகனுக்கு இது நல்லதுதானா என்று கேட்கிறீர்கள். நல்லதல்ல. பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200ம் (கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50) பிளஸ் டூ மதிப்பெண்ணிலிருந்தே வருவதால் பள்ளி அவசரப்படுகிறது. ஆனால் அந்த மதிப்பெண்ணுக்கே அடித்தளம் பிளஸ் ஒன்னில்தான் இருக்கிறது.

2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்ததே இப்படிப் பாடத்தைத் தாண்டிப் போகும் பழக்கத்தை நிறுத்தத்தான். 2018-19இல் பிளஸ் ஒன்னுக்கும் அடுத்த ஆண்டு பிளஸ் டூவுக்கும் புதுப் புத்தகம் வந்தது. 2020-21இல் கொரோனாவுக்காகப் பாடத்தைக் குறைத்தார்கள். 2025-26இல் அந்தத் தேர்வே போய்விட்டது. ஒரு புத்தகம் ஆசிரியரின் கைக்குப் பழகுவதற்குள் அடுத்த ஆணை வந்துவிடுகிறது. அதிகம் அடிபடுவது கணக்கும் இயற்பியலும். இரண்டிலும் ஒரு படி விட்டால் அடுத்த படி ஏற முடியாது.

பிளஸ் ஒன் இயற்பியலின் 2ஆம் பாடமான இயக்கவியலிலேயே வகையீடும் (ஒன்று எந்த வேகத்தில் மாறுகிறது என்று காண்பது) தொகையீடும் (சிறு சிறு மாற்றங்களைக் கூட்டி மொத்தத்தைக் காண்பது) தேவைப்படுகின்றன. கணக்கில் அவை 2ஆம் தொகுதியில், 10, 11ஆம் பாடங்களாக வருகின்றன. அதனால் இயற்பியல் ஆசிரியர் ஒன்றிரண்டு வகுப்பில் சூத்திரத்தை மட்டும் சொல்லிக் கடந்துபோவார். கணக்காசிரியரும் 2ஆம் தொகுதியை விட்டுவிட்டால், பையனுக்குக் கிடைத்தது அந்த ஒன்றிரண்டு வகுப்புதான். பிளஸ் டூ கணக்கின் 12 பாடங்களில் 7 முதல் 10 வரை நான்கும் இதன்மேல் நிற்கின்றன. அடிப்படை தெரியாத பிள்ளை கைடைப் பார்த்து விடையை மனப்பாடம் செய்யும். எண்ணை மாற்றிக் கேட்டால் நின்றுவிடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். நின்ற இடத்திலிருந்து கிளம்பும் ஒரு பொருள் கடக்கும் தூரம், நேரத்தின் வர்க்கத்தைப்போல் 5 மடங்கு (தூரம் மீட்டரில், நேரம் வினாடியில்). சரியாக 2ஆவது வினாடி முடியும் கணத்தில் அதன் வேகம் என்ன? விடை வினாடிக்கு 20 மீட்டர். மகன் 10 என்றால், மொத்தத் தூரமான 20 மீட்டரை 2ஆல் வகுத்திருக்கிறான். அது சராசரி வேகம். வகையீடு அவன் மனதில் இன்னும் ஏறவில்லை என்று பொருள்.

அப்படியானால் ஆறு வாரம், தினம் முக்கால் மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் முக்கோணவியல் முற்றொருமைகள், அடுத்த இரண்டு வாரம் வகையீடு, பிறகு இரண்டு வாரம் தொகையீடு (பிரதியிடல் முறையும் பகுதித் தொகையிடலும் கட்டாயம்), கடைசி வாரம் வெக்டர். பாடநூலின் எடுத்துக்காட்டுகளை விடையை மூடிவைத்துப் போட வேண்டும். தினம் 8 கணக்கு போதும். இதற்காகக் காட்பாடிக்கு இன்னொரு டியூஷன் வேண்டாம். பஸ்ஸில் போகும் நேரத்தில் அந்த எட்டுக் கணக்கையும் முடித்துவிடலாம்.

செய்முறையையும் விடாதீர்கள். ஒரு கல்லை நூலில் கட்டி, மேல் முடிச்சிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை 1 மீட்டர் இருக்கும்படி தொங்கவிட்டு, சிறிதாக ஆட்டி, போய்வரும் 20 முழு அலைவுகளை எண்ணச் சொல்லுங்கள். ஏறக்குறைய 40 வினாடி ஆகும். 38 வந்தால் பெரும்பாலும் எண்ணத் தொடங்கும்போதே ‘ஒன்று’ என்று சொல்லியிருப்பான். ‘பூஜ்யம்’ என்று தொடங்க வேண்டும். நீளத்தை 80, 60, 40 சென்டிமீட்டராக மாற்றி, அலைவுநேரத்தின் (ஒரு முழு அலைவுக்கு ஆகும் வினாடிகளின்) வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். அதன் சாய்வு, மீட்டரில் கணக்கிட்டால், சுமார் 4.

அவன் வேலூர் பாகாயம் அரசு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தாலும் முதல் பருவத்திலேயே நுண்கணிதம் (வகையீடும் தொகையீடும்) காத்திருக்கிறது. அங்கே பிளஸ் ஒன்னை யாரும் திரும்ப நடத்தமாட்டார்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சண்டை வேண்டாம். “பிளஸ் ஒன் கணக்கு 2ஆம் தொகுதியை எந்த மாதம் முடிப்பீர்கள் சார்?” என்று மட்டும் கேளுங்கள். மாதத்தைச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். சொல்லாவிட்டால் அந்த ஆறு வாரத்தை வரும் ஏப்ரலிலேயே தொடங்கிவிடுங்கள்.