பெட்டி செய்தவனே திருடனாக இருந்தால்?

கேள்வி: இரண்டு பேர் தங்கள் செய்திகளைப் பூட்ட, குவாண்டம் முறையில் உருவாகும் ரகசியச் சாவியை (0, 1 எண் வரிசை) யாராலும் ஒட்டுக்கேட்க முடியாது என்கிறார்கள். சரி, அந்தச் சாவியை உருவாக்கும் பெட்டியைச் செய்து விற்றவனே திருடனாக இருந்தால்?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. பயமும் வீணானது அல்ல. 2010-இல் நார்வேயின் டிரோண்ட்ஹைம் ஆய்வாளர்கள், சந்தையில் விற்ற சாவிப் பெட்டிகளின் ஒளியுணரிகளைப் பளீரென்ற லேசர் ஒளியால் குருடாக்கி, தடயமே இல்லாமல் சாவியை எடுத்துவிடலாம் என்று காட்டினார்கள். இயற்பியல் விதி அப்படியேதான் இருந்தது. ஏமாந்தது கருவி.

இதற்கு மருந்து இயற்பியலாளர் ஜான் பெல் 1964-இல் தந்த தேற்றத்தில் இருக்கிறது. அதை ஒரு விளையாட்டாகச் சொல்கிறேன். ஒன்றோடொன்று பேச முடியாத இரண்டு பெட்டிகள். ஒவ்வொன்றிடமும் 0 அல்லது 1 என்று ஏதோ ஒன்றை, முன்கூட்டி ஊகிக்க முடியாதபடி, கேட்கிறோம். பெட்டியும் 0 அல்லது 1 என்றே பதில் தரும். இரண்டுக்கும் 1 என்ற கேள்வி வந்தால் பதில்கள் வேறுபட வேண்டும். மற்ற சமயங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். பதில்களை முன்பே எழுதி உள்ளே வைத்திருந்தால், எவ்வளவு சாமர்த்தியசாலி எழுதியிருந்தாலும், சராசரியாக 100-க்கு 75 ஆட்டத்துக்கு மேல் ஜெயிக்காது. பின்னிப் பிணைந்த குவாண்டம் துகள்களை, அதாவது தள்ளித் தள்ளி இருந்தாலும் அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்தி வரும் துகள்களை, வைத்து ஆடினால் 85 வரை போகும்.

பெட்டி 75-ஐத் தெளிவாகத் தாண்டிவிட்டால், பதில்கள் எல்லாம் முன்பே எழுதி வைத்தவையாக இருக்க முடியாது. கேட்கும்வரை இல்லாத பதிலுக்குத் திருடன் எங்கே போய் நகல் எடுப்பான்? அந்தப் பதில்களிலிருந்தே சாவியைச் செய்கிறோம்; எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவு ரகசியம். பெட்டியைத் திறந்து பார்க்கவே வேண்டாம். இந்த இடம் எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

2022-இல் ஆக்ஸ்ஃபோர்டில் இதைச் செய்தே காட்டினார்கள். 2 மீட்டர் இடைவெளியில் இரண்டு ஸ்ட்ரான்சியம் அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்). எட்டு மணி நேரத்தில் 15 லட்சம் பிணைந்த ஜோடிகள். ஆட்டத்தில் வெற்றி 83-க்கு மேல். கிடைத்த சாவி 95,628 பிட். 2 மீட்டருக்கு இவ்வளவு பாடா என்று உதட்டைப் பிதுக்காதீர்கள். கருவியை நம்பாமலே எடுத்த சாவி அது. ஒன்று மட்டும் நம் பொறுப்பு: பெட்டி நமக்குத் தெரியாமல் வெளியே சேதி அனுப்பாதபடி அறையை அடைத்து வைப்பது.

கேள்வி: பேசிக்கொள்ளாமலே பதில்கள் இவ்வளவு பொருந்துகின்றன என்றால், ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்பலாமா?

பதில்: முடியாது. ஒரு பக்கத்துப் பதில்களை மட்டும் பார்த்தால் தலையும் காலும் புரியாத 0, 1 வரிசைதான். இரண்டு பட்டியலையும் சாதாரண இணைய வழியில் ஒப்பிட்ட பிறகுதான் 75-ஐத் தாண்டியதா என்பதே தெரியும்.